பீலி சொன்னதை நான் எழுதவில்லை

மேசையில் இரண்டு விண்ணப்பங்கள் கிடந்தன. ஒன்று மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்புக்கு. மற்றது சட்டக் கல்லூரிக்கு. இரண்டிலும் என் பெயர்தான்: இசபெல் றோலண்ட், டாக்டர், வயது இருபத்தெட்டு, மணமாகாதவள். கடைசிச் சொல்லில் அப்பாவின் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"டாக்டரா, வக்கீலா? ஒண்ணைச் சொல்லு புள்ள. நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

அப்பா ஊசிமலைத் தோட்டத்து டிஸ்பென்சர். அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகும் வழியில் இருக்கிறது எங்கள் தோட்டம். முப்பது வருடமாக இருமல் மருந்தும் கொய்னா மாத்திரையும் கொடுத்து, லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களிடம் 'டாக்டரய்யா' என்று பெயர் வாங்கியவர். மகள் நிஜமாகவே டாக்டராகி, நுவரெலியாவில் பிரசவ வார்டில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. இடமும் காலியாக இருந்தது. நான் தலையை ஆட்டினால் போதும்.

"ஏன்னு உங்களுக்குத் தெரியும்பா. தெரிஞ்சுகிட்டே கேக்குறீங்க" என்றேன்.

"தெரியாது."

"ராக்காயிக்காக."

அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். குளிருக்காக அல்ல. அந்த ஜன்னல் வழியாகத்தான் மேல் லயத்துப் பீலியின் சத்தம் கேட்கும். மலையூற்றைத் தகரக் குழாயில் திருப்பி, லயத்துக்கே குடிக்கவும் குளிக்கவும் விட்டிருக்கும் தண்ணீர் அது. ராப்பகல் நிற்காமல் கொட்டும். சாத்திய பிறகும் கேட்டது. எனக்குக் கொழும்பிலேயே கேட்கும், இங்கே கேட்காமல் எங்கே போகும்?

என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. சிறையில் ராக்காயி சொல்லி நான் எழுதியது. மறுநாள் அதை அவள் மகளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். மகள் சரி என்றால்தான் ராக்காயி மனுவில் ரேகை வைப்பாள். ரேகை வைத்தால்தான் பதினொரு வருடமாக உள்ளே கிடப்பவள் வெளியே வர ஒரு வழி பிறக்கும். அவள் உள்ளே போனது என்னால். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறேன். நாலு தடவையும் மன்னிப்புக் கிடைத்தது. பீலிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

*

சின்ன வயதிலேயே நான் லயத்து ஜனங்களுக்காகக் கடிதம் எழுதுகிறவள். பத்து வயதில் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். திருச்சிப் பக்கம், மதுரைப் பக்கம் இருக்கிற அண்ணன் தம்பிக்கு எழுத வேண்டும். அவர்கள் சொல்கிற விதம் இருக்கிறதே, பசு கன்று போட்டதில் தொடங்கி, மாமியார் செத்ததற்குப் போய், மறுபடி பசுவுக்கு வந்து, நடுவில் கங்காணியைத் திட்டி, அழுது, மூக்கைச் சிந்தி முடிப்பார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை வரிசைப்படுத்தி, 'நாங்கள் அனைவரும் நலம்' என்று தொடங்கி ஒரு பக்கத்தில் அடக்கிவிடுவேன். பிறகு படித்துக்காட்டி, "சரியா?" என்று கேட்பேன்.

"நீங்க எழுதுனா சரிதான் பாப்பா" என்பார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் இதையேதான் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப் போயிருந்தது. அவர்கள் சொல்ல நினைப்பது அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

1954 ஆகஸ்ட். எனக்குப் பதினேழு வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் விடுமுறை. ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும், ஆபீஸ் பியூன் ஓடிவந்தான். அப்பா ஏற்கெனவே மேல் லயத்துக்குப் போயிருந்தார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னை வரச்சொன்னாராம்.

ஆபீஸ் தரையில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைத் தெரியும், நல்ல கொழுந்துக்காரி, வாய் ஓயாமல் சிரிப்பவள். பன்னிரண்டு நாளைக்கு முன் ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். அப்பாதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள். ஆடி மாதத்து மழைக்காற்றில் நாங்கள் கம்பளிக்குள் நடுங்க, அவள் நடுங்கவில்லை. அது அப்போது என் கண்ணில் பட்டது. பட்டும் நான் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

பிள்ளை செத்துப்போயிருந்தது. பீலித் தண்ணீரில் பிடித்திருந்தாள். உடம்பைத்தான் அப்பா அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வர இரண்டு மணி நேரமாவது ஆகும். துரை சமாதான நீதவானும்கூட. போலீஸ்காரரிடம் ஒருத்தி ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் செல்லாது, துரையிடம் சொன்னால் செல்லும். இந்தச் சட்டம் அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. அவருடைய தமிழ் வேலை ஏவுவதற்கு மட்டும் போதுமான தமிழ். பெரிய கிளாக்கர் அன்றைக்கு ஹட்டனுக்குப் போயிருந்தார். ஆகவே அவள் சொல்வதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்படி என்னிடம் தாளையும் பேனாவையும் தந்தார்.

"என்ன நடந்துச்சு ராக்காயி? சொல்லு" என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவளை அப்போது 'நீ' என்றுதான் சொல்வேன். உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை அல்லவா நான்.

அவள் சொன்னது இது. ஒரு சொல்கூட மறக்கவில்லை. மறக்க விட்டால்தானே?

"பீலி பேசுச்சுங்க பாப்பா. மூணு நாளாப் பேசுது. பெரட்டுல கூப்புடுற மாதிரி எம் பேரச் சொல்லிக் கூப்புடுது. அது எம்புள்ள இல்லீங்க, மாத்தி வச்சிட்டாங்க. மேல கறுப்பா ஒண்ணு மூடிக் கெடக்கு. கழுவு, கழுவு, உள்ள ஒம்புள்ள இருக்கான்னுச்சு. கொழுந்து நிறுத்துட்டாங்களா? அவரு கேட்டாரு, யாரு சாயல்னு. தண்ணி சுடுதுங்க பாப்பா, நல்ல சுடுதண்ணி. கண்ண மூடவே முடியல. எம்புள்ளைய எங்க வச்சிருக்காங்க?"

துரை பொறுமை இழந்து, ஏன் செய்தாள் என்று கேள் என்றார். நான் கேட்டேன். அவள் அதையே மறுபடி முன்னும் பின்னுமாகச் சொன்னாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை. தண்ணீர் பேசுகிறது, பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் எழுதினால் துரை சிரிப்பார். நம் ஜனம் ஒரு பேச்சை ஒழுங்காகப் பேசத் தெரியாதது என்று நினைப்பார். அவளை மானமாகக் காட்ட நினைத்தேன். கடிதம் எழுதுகிற அதே கையால் எழுதினேன். வேண்டாததைத் தள்ளினேன். வேண்டியதை வரிசைப்படுத்தினேன்.

என் தாளில் ராக்காயி இப்படிப் பேசினாள்: 'நான் அழகனின் மனைவி. மேல் லயத்தில் ஆறாம் காம்பராவில் குடியிருக்கிறேன். குழந்தை யார் சாயல் என்று என் கணவர் கேட்டார். அதனால் மனம் வெறுத்தேன். இன்று காலை எல்லோரும், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போன பிறகு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, குழந்தையைப் பீலிக்குக் கொண்டுபோய், அழுகை நிற்கும்வரை தண்ணீரில் பிடித்தேன்.'

அழகன் அப்படிக் கேட்டது விளையாட்டாக. பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு, "யாரு சாயல்டா நீ, ஒங்க மாமனாட்டம் மூக்கு" என்று கொஞ்சியிருக்கிறான். அதில் யாருக்கும் மனம் வெறுக்கவில்லை. அந்த வெறுப்பை நான் கொடுத்தேன். ஆள் இல்லாத நேரத்தை நான் கொடுத்தேன். துரை ஏன் என்று கேட்டாரே, ஒரு காரணம் வேண்டுமே!

தமிழில் படித்துக்காட்டினேன். "சரியா?" என்றேன்.

ராக்காயி என் முகத்தையே பார்த்தாள். "நீங்க எழுதுனா சரிதான் பாப்பா" என்றாள். பெருவிரலை மையில் தொட்டு நான்தான் அமுக்கினேன். அவள் விரல் பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது.

துரை தாளைப் படித்துவிட்டு, திரும்பி வந்த அப்பாவிடம், இந்தப் பெண்ணை மேலே படிக்க வையுங்கள் என்றார். கொழும்பில் ஒரு மடத்துக்கு அவரே ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தால்தான் எனக்கு விடுதியில் இடம் கிடைத்தது. நான் டாக்டரானது அந்த வாக்குமூலத்தின் மேல் ஏறி நின்றுதான்.

*

பெரிய கோர்ட்டில் வழக்கு நடந்தபோது பதினொரு மாதம் ஓடியிருந்தது. கூண்டில் நின்றவள் வேறு ராக்காயி. எண்ணெய் வைத்துத் தலை வாரி, கேட்டதற்கெல்லாம் அடக்கமாகப் பதில் சொன்னாள். சிறை டாக்டர், இவளுக்குச் சித்தம் தெளிவாக இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்போது தெளிவாகத்தான் இருந்தது.

என் தாளை உரக்கப் படித்தார்கள். ஜூரிமார் ஏழு பேரும் கோட்டுப் போட்ட கனவான்கள். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

இது அவள் சொன்னதா?

ஆம்.

நீயாக எதையாவது சேர்த்தாயா?

இல்லை.

நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். எதையாவது விட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு அரசு வைத்துக்கொடுத்த வக்கீல் அன்று காலையில்தான் அவள் முகத்தைப் பார்த்திருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்காத நாள் இல்லை.

தூக்குத் தண்டனை. பிறகு மகாதேசாதிபதி, அதாவது கவர்னர் ஜெனரல், அதை ஆயுள் சிறையாகக் குறைத்தார். அவர் இரக்கத்தை நினைத்து அப்பா ஒரு பூசைகூட ஒப்புக்கொடுத்தார். அழகன் ஒரு வருடத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு கொத்மலைப் பக்கம் போய்விட்டான். மூத்த மகள் அம்மாக்கண்ணுவுக்கு, தம்பி செத்தபோது ஆறு வயது. அவளைத் தன் தங்கச்சி ராசம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். நான் படிக்கப் போனேன்.

ஐந்து வருடம் நிம்மதியாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு மருத்துவக் கல்லூரியில் ஒரு பிற்பகல், பிரசவித்த சில நாட்களுக்குள் சில பெண்களுக்கு வரும் பைத்தியத்தைப் பற்றிப் பாடம் நடந்தது. பேராசிரியர் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதினார். தூக்கம் அற்றுப்போகும். பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் கேட்கும். பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பாள். சூடு குளிர் தெரியாது. சில மாதத்தில் தானாகவே தெளிந்துவிடும், தெளிந்த பிறகு பலருக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும்.

பக்கத்தில் எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கரும்பலகை முழுவதும், வேண்டாதது என்று நான் தள்ளியவை.

வெளியே ஓடிப்போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குள், பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி கேட்டது: "எம்புள்ளைய எங்க வச்சிருக்காங்க?"

அன்றையிலிருந்து குழாயைத் திறந்தால் அவள் வந்துவிடுவாள். டாக்டருக்குப் படிப்பவள் நாளைக்கு எத்தனை தடவை கை கழுவ வேண்டும், யோசித்துப் பாருங்கள். பிரசவ வார்டில், பிறந்த பிள்ளையைத் தாதி தண்ணீரில் நனைத்துத் துடைக்கும்போது நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். இப்படிப்பட்டவளைத்தான் அப்பா நுவரெலியாவில் பிரசவம் பார்க்கச் சொல்கிறார்.

*

டாக்டரானதும் முதல் வேலையாக வழக்கின் நகலை எடுத்தேன். கொழும்பில் ஒரு வக்கீலிடம் கொண்டுபோனேன்.

"அன்றைக்கு அவளுக்குச் சித்தம் கலங்கியிருந்தது என்று யார் சொல்வது? நீங்கள் அன்று டாக்டர் இல்லை. டாக்டர்கள் யாரையாவது கொண்டுவாருங்கள்" என்றார்.

மனநோய் டாக்டர் ஒருவரிடம் போனேன். கேஸைக் கேட்டதும் அவருக்கே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் கையை விரித்தார். பார்க்காத நோயாளி, எத்தனையோ வருடமாகிவிட்டது, இது வக்கீல்கள் பாடு என்றார்.

திரும்ப வக்கீலிடம். திரும்ப டாக்டரிடம். மூன்று வருடம் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். டாக்டர் கேட்டது, என்ன நோய் என்று. வக்கீல், தான் செய்வது இன்னதென்று அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டார். ஒரே பெண்ணைப் பற்றிய இரண்டு கேள்விகள். டாக்டரின் பதிலைச் சட்டத்தின் பாஷைக்கு மாற்றித்தர ஆள் இல்லை. இரண்டையும் தெரிந்த ஒருத்தி அன்று ஆபீஸிலோ கோர்ட்டிலோ இருந்திருந்தால் ராக்காயி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள், ஆறு மாதத்தில் வீட்டுக்கு வந்திருப்பாள். வேறு யாரும் முன்வரவில்லையென்றால் நானே ஆகிறேன் என்று ஒரு நாள் ஆத்திரத்தில் தோன்றியது. ஆத்திரம் அடங்கிய பிறகும் அந்த எண்ணம் போகவில்லை.

கடைசியில் வக்கீல் ஒரு வழி சொன்னார். நான் சேர்த்ததையும் விட்டதையும் சத்தியக் கடதாசியில் எழுதிக் கொடுக்க வேண்டும். கோர்ட்டில் பொய் சொன்னதாக என் மேலேயே பழி வரலாம், உத்தியோகம் போகலாம். வரட்டும் என்றேன். அதோடு ராக்காயியும் தன் ரேகையோடு மனுச் செய்ய வேண்டும்.

போன மாதம் சிறைக்குப் போனேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயதுதான், தலை வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டரய்யா மகதானே? எம்மாம் பெருசா ஆயிட்டீங்க பாப்பா!"

"எப்படி இருக்கீங்க அக்கா?"

அக்கா என்றதும் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. நான் மனுவை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே தலையாட்டத் தொடங்கினாள். வேண்டாம் என்ற ஆட்டம்.

"கிறுக்குன்னு எழுதவா? வேணாம் பாப்பா. அம்மாக்கண்ணுக்கு டயகமவுல மாப்புள பாத்திருக்காங்களாம். கொலகாரி மகள்னா பாவம்னு கட்டுவான். கிறுக்கச்சி மகள எவன் கட்டுவான்? அதுக்கும் பைத்தியம் வரும்பாங்க." சமாதானம் சொல்வதுபோல் சொன்னாள்: "நாந்தானே செஞ்சேன். மனசு வெறுத்துச் செஞ்சேன். ஆளு இல்லாத நேரம் பாத்துச் செஞ்சேன். கோட்டுல படிச்சாங்களே, எம்புட்டு அழகா எழுதியிருந்தீங்க. எனக்கே அதக் கேட்ட பொறவுதான் ஏன் செஞ்சேன்னு வெளங்குச்சு."

நான் இட்டுக்கட்டிய காரணத்தைப் பதினொரு வருடமாக இவள் தன்னுடையது என்று சுமந்துகொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையை வெறுத்துக் கொன்றவள் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"பீலி பேசுச்சுன்னு சொன்னீங்களே அக்கா" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. வாசலில் நின்ற காவல்காரியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லலியே."

"எங்கிட்டச் சொன்னீங்க. அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் எழுதல."

"அது கனான்னு நெனச்சேன். கோட்டுல படிச்சப்ப பீலி வரலியே. அப்ப அது நடக்கலன்னு..."

"நடந்துச்சு. பெரட்டுல கூப்புடுற மாதிரி உங்க பேரைக் கூப்பிட்டுச்சு. தண்ணி சுடுதுன்னீங்க. கழுவுனா உள்ள உங்க புள்ள இருக்கான்னு சொல்லுச்சு."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் அவன வேணாம்னு செய்யலியா?"

"இல்லக்கா. அவனைத் தேடித்தான் செஞ்சீங்க."

ஓங்கி அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் அழக்கூடாது என்பார்கள், எனக்கு அந்த விதி அன்று ஞாபகம் வரவில்லை.

அழுது முடித்ததும், "கடுதாசி எழுதுங்க. அம்மாக்கண்ணுக்கு" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன், முன்னுக்குப் பின்னாக, சொன்னதையே திரும்பச் சொன்னதையும் சேர்த்து. பன்னிரண்டு நாள் பார்த்த மகனின் காது மடலைப் பற்றி மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் எழுதினேன். படித்துக்காட்டினேன். பழக்கத்தில் "சரியா?" என்றேன்.

ராக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள்.

"நீங்க சொன்னதெல்லாம் எழுதிட்டேனே அக்கா."

"நான் சொல்லல. யாருகிட்டயும் சொல்லல, இது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. அம்மாக்கண்ணு எம் பொறத்தாலேயே வந்துச்சு. பீலிகிட்ட நின்னுச்சு. 'தம்பிக்குக் குளுருதும்மா'ன்னுச்சு. சொன்னா சின்னப் புள்ளையக் கூண்டுல ஏத்திக் கேப்பாங்கன்னு சொல்லல. எழுதுங்க. 'நீ சொன்ன, தாயி. நீ சொல்லாம இல்ல. பீலிச் சத்தத்துல எனக்குத்தான் அது ஏறல.' எழுதிட்டீங்களா?"

ஆள் இல்லாத நேரம் என்று எழுதியிருந்தேன். ஆள் இருந்திருக்கிறது. ஆறு வயது ஆள்.

"அதுக்குப் படிச்சுக் காட்டுங்க. அது சரின்னா ரேகை வைக்கிறேன்" என்றாள்.

*

அப்பா ஜன்னலைச் சாத்திய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகாமல் மேல் லயத்துக்குப் போனேன். ராசம்மா வாசலில் கம்பளி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு தண்ணிக்குப் போயிருக்கிறாள் என்றாள்.

நான் பீலிப் பக்கம் திரும்பினேன். "அங்க இல்லீங்க பாப்பா" என்றாள் ராசம்மா. "அது இந்தப் பீலிக்கு வராது. கீழ் லயத்துக்குத்தான் போகும். சின்னதுலேருந்தே அப்புடித்தான், என்ன சொன்னாலும் கேக்காது."

கீழ் லயம் அரை மைல். பதினொரு வருடமாக அந்தப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு அரை மைல் இறங்கி அரை மைல் ஏறியிருக்கிறாள். தோட்டமே அதைப் பார்த்திருக்கிறது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. விடுமுறைக்கு விடுமுறை வந்த நானும்தான்.

அவள் குடத்தோடு ஏறி வந்தாள். அம்மாவின் முகம். தேயிலைச் செடிக்கு நடுவே படிக்கட்டில் உட்கார வைத்து, அம்மாவிடமிருந்து கடிதம் என்றேன். அவள் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். படித்தேன். காது மடல் மூன்று தடவையும் வந்தது. தம்பிக்குக் குளிரும் இடம் வந்தபோது நிறுத்தினேன். திரும்பத் தொடங்கி முடித்தேன்.

அம்மாக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சத்தமாச் சொன்னனா, மெதுவாச் சொன்னனா, அதுதான் எனக்குத் தெரியல" என்றாள். "சத்தமாச் சொல்லியிருந்தா கேட்டிருக்குமோன்னு இருக்கும்."

"எவ்வளவு சத்தமாச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. அது ஒரு நோய். காதுல விழும், மனசுல ஏறாது. நான் படிச்சிருக்கேன் அம்மாக்கண்ணு, இது நிஜம்."

"அம்மா பீலிகிட்டப் பேசிச்சு. இதா வாரேன், இதா வாரேன்னுச்சு. நான் பாத்தேன்."

அவள் அம்மாவின் பைத்தியத்துக்கு ஒரு சாட்சி இருந்தது. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில், எல்லா வருடமும் இருந்தது.

மனுவைப் பற்றிச் சொன்னேன். டயகம மாப்பிள்ளையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அவள் கூப்பிடப்படலாம், கூண்டில் ஏற வேண்டியிருக்கலாம், ஊர் பேசும் என்றேன். வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு வாயில்லை.

குடத்தை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "மாப்புள வீட்டுக்காரங்க வேணாம்னா போகட்டும்" என்றாள். "நானும் சொல்றேன். எழுதுங்க."

எழுதினேன். தலைப்பு இல்லை, வரிசை இல்லை. அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். குளிர் என்றாள், அம்மா பாட்டுப் பாடியது என்றாள், தன் காலில் அட்டை கடித்திருந்தது என்றாள், மறுபடி குளிர் என்றாள். அட்டையையும் எழுதினேன். மேலே வீட்டில் இரண்டு விண்ணப்பங்களும் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தன. இரண்டிலும் போடப்போகிறேன் என்று அந்தப் படிக்கட்டில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

முடித்ததும் படித்துக்காட்டினேன். "சரியா?" என்று கேட்டுவிட்டு, பயந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எழுதினால் சரிதான் என்று இவளும் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

அம்மாக்கண்ணு தாளை என் கையிலிருந்து வாங்கினாள். படிக்கத் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இன்னொரு தடவ படிங்க" என்றாள். "மெதுவா."